கேள்வியில் பிறந்தவர்கள்

கல்வியைக் கண்டு அஞ்சுவோர் உலகில் இரு வகையினர். பிறர் கற்றுவிட்டால் தம் பிழைப்பில் மண் விழுமே என்று அஞ்சுவோர் ஒரு வகை. அவர்களை நாம் நன்கு அறிவோம். அவர்கள் இல்லாத நாடு இல்லை, நூற்றாண்டும் இல்லை. தம் பிள்ளைகள் கற்றுவிட்டால் தம் கூட்டமே கரைந்து போகுமே என்று அஞ்சுவோர் மற்றொரு வகை. முன்னவர் அச்சம் ஆதிக்கத்தில் பிறந்தது. பின்னவர் அச்சம் பட்ட துன்பத்தில் பிறந்தது. முன்னவரைக் கண்டிப்பது எளிது. பின்னவரை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகே அவர்தம் பிழையை எடுத்துரைக்க வேண்டும். அத்தகைய ஒரு மக்களின் கதையை, மென்னோனைட்டு எனப்படும் கிறித்தவக் குழுவினர் பள்ளிக்கூடத்தோடு உறவாடியும் ஊடியும் வந்த ஐந்நூறு ஆண்டுக் கதையை, இங்கே கூற முற்படுகிறோம்.

யார் இந்த மென்னோனைட்டுகள்? ஐரோப்பாவிலே சமயச் சீர்திருத்தப் புயல் வீசிய 16ஆம் நூற்றாண்டில் தோன்றியவர்கள். வாளெடுக்க மாட்டோம், நீதிமன்றத்திலே ஆணையிட மாட்டோம், அரசன் கட்டளைக்காக மனச்சான்றை விற்க மாட்டோம் என்பன அவர்தம் கொள்கைகள். இன்று அவர்களும் அவர்களோடு வேர்த்தொடர்பு உடையோருமாக உலகில் 20 இலட்சம் பேருக்கு மேல் வாழ்கின்றனர். அவர்களுள் பல்கலைக்கழகப் பேராசிரியர் உண்டு, மருத்துவர் உண்டு, நூலாசிரியர் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே பிள்ளையின் படிப்பை நிறுத்தி, கழனிக்கும் அடுக்களைக்கும் அனுப்பி வைப்போரும் உண்டு. ஒரே வேர், ஆனால், ஒரு கிளை வான் நோக்கி வளர்ந்திருக்கிறது, மற்றொரு கிளை மண்ணிலே படிந்து கிடக்கிறது. எங்ஙனம் நேர்ந்தது இந்த வேறுபாடு?

விடை காண, சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகருக்குச் செல்வோம். ஆண்டு 1525. அன்றைய ஐரோப்பாவிலே ஒருவன் எந்தச் சமயத்தவன் என்பதை அவன் அறிவு தீர்மானிக்கவில்லை, பிறப்பே தீர்மானித்தது. கண் திறக்காத குழந்தையின் தலையில் நீரைத் தெளிப்பர், அது அழும், அழுகை அடங்குமுன் அது கிறித்தவக் குழந்தையாகிவிடும், அந்த நாட்டு மன்னனின் குடியுமாகிவிடும். அந்த ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள், இளைஞர் சிலர் ஒரு வீட்டிலே கூடினர். "அறியாக் குழந்தைக்கு ஏது நம்பிக்கை? அறிந்து, ஆராய்ந்து, விரும்பி ஏற்பவனுக்கே திருமுழுக்கு" என்ற முடிவோடு, ஒருவருக்கொருவர் புதிதாகத் திருமுழுக்கு அளித்துக்கொண்டனர். மறுமுழுக்கினர் என்று உலகம் அவர்களை ஏசியது. அந்த ஏச்சே பெயராக நிலைத்தது.

அந்த இளைஞர்கள் எழுத்தறியாதவர்களா? இல்லை. கொன்ராட் கிரேபல், பாசல், வியன்னா, பாரிசு ஆகிய மூன்று நகரங்களிலே பல்கலைக்கழகக் கல்வி பயின்றவர். பெலிக்சு மான்சு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழியும் கற்றவர். ஏட்டைத் திறந்து தாமே படித்ததால்தான், 'இங்கே எழுதியிருப்பது வேறு, நீங்கள் நடத்துவது வேறு' என்று அவர்களால் கேட்க முடிந்தது.

யார் பெயரால் இக்குழுவினர் அழைக்கப்படுகின்றனரோ, அந்த மென்னோ சைமன்சின் வாழ்வும் இதையே காட்டும். அவர் நெதர்லாந்தின் பிரீசுலாந்துப் பகுதியில் பிறந்தவர். 1524இல் கத்தோலிக்கக் குருவானவர். குருவான பின்னும் இரண்டு ஆண்டுகள் அவர் விவிலியத்தைத் தொட்டதே இல்லை. படித்தால் வழி தவறிவிடுவோமோ என்று அஞ்சியதாக அவரே பின்னாளில் எழுதி வைத்தார். பூசை நடத்திக்கொண்டே இருந்தவருக்கு ஒரு நாள் ஐயம் வந்தது: இந்த அப்பம் உண்மையிலே இறைவன் உடலாக மாறுகிறதா? ஐயம் ஏட்டைத் திறக்க வைத்தது. 1531இல் லீவார்டன் நகரில், மறுமுழுக்குப் பெற்ற குற்றத்துக்காக ஓர் எளிய தையற்காரரின் தலை வெட்டப்பட்டது. அச்செய்தி மென்னோவைக் குலுக்கியது. குழந்தைத் திருமுழுக்குக்கு ஆதாரம் எங்கே என்று ஏடுகளைப் புரட்டினார்; கிடைக்கவில்லை. 1536இல் பதவியைத் துறந்தார்; தலைமறைவு வாழ்வை ஏற்றார்.

ஆகவே, இந்த இயக்கத்தின் தாய் படிப்பு, தந்தை ஐயம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கேள்வி கேட்டவர்களுக்கு ஆள்வோர் தந்த விடை என்ன? 1527 சனவரியில் மான்சு, சூரிச் நகரின் நடுவே ஓடும் லிம்மாத்து ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். நீரைக் கேட்டவனுக்கு நீரையே தந்தோம் என்று நகைத்தனர் போலும்! அதே ஆண்டு மே திங்களில், முன்னாள் துறவியும் கற்றவருமான மைக்கேல் சாட்லர் சித்திரவதைக்குப் பின் எரிக்கப்பட்டார். 1528இல் சமயவியல் பேரறிஞர் பட்டம் பெற்ற பால்த்தசார் குப்மையர் வியன்னாவிலே நெருப்புக்கு இரையானார். கிரேபலோ அதற்கு முன்பே நோயில் மாண்டிருந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கற்ற தலைகள் எல்லாம் சாய்ந்தன. எஞ்சியவர் உழவர், நெசவாளர், தச்சர், அவர்தம் மனைவியர்.

அந்த எளியோரை விசாரித்தவர்கள் யார்? பட்டம் பெற்ற குருமார். சட்டம் கற்ற நீதிபதிகள். இலத்தீன் மேற்கோள்களால் மடக்கப் பார்த்தவனும் கற்றவன். தீர்ப்பு எழுதியவனும் கற்றவன். அந்த அவைகளிலே நெசவாளரும் பெண்டிரும் தாம் படித்த விவிலிய வரிகளைக் கொண்டே விடையிறுத்த செய்திகளை, 1660இல் வான் பிராக்ட் என்பார் டச்சு மொழியில் தொகுத்த 'மறைச்சான்றாளர் கண்ணாடி' என்னும் பெருநூலிலே காணலாம். கற்றவன் எல்லாம் நம்மைக் கொல்ல வருகிறான் என்று கண்ட மக்கள், கல்வியின் மீதே ஐயம் கொண்டதில் வியப்பென்ன? 'படிக்கப் படிக்கக் கோணல்' என்னும் பொருள்படும் ஜெர்மன் பழமொழி அவர்கள் நாவிலே குடியேறிற்று. கத்தியால் வெட்டுண்டவன் கத்தியையே வெறுத்தான். அது காய் நறுக்கவும் உதவும் என்பதை மறந்தான்.

ஆனால், எங்கும் இப்படி நேர்ந்துவிடவில்லை. நெதர்லாந்திலே கொடுமை விரைவில் ஓய்ந்தது. மென்னோனைட்டுகள் நகரங்களில் வணிகராயினர், மருத்துவராயினர், செல்வம் சேர்த்தனர். அச்சம் விலகிய இடத்தில் அறிவு வேர்விட்டது. 1735இல் ஆம்சுடர்டாமில் தம் போதகர்களுக்கெனக் கல்லூரி கண்டனர். 1784இல் ஜான் நியூவென்குய்சன் என்னும் மென்னோனைட்டுப் போதகர், ஏழை எளியோரிடையே கல்வியைப் பரப்பப் பொதுநலக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். நல்ல பாடநூல்களும் நல்ல பள்ளிகளும் வேண்டுமென்று அது பாடுபட்டது. கார்லெம் நகரின் டெய்லர் என்ற மென்னோனைட்டுச் செல்வர், தம் பொருளைக் கலைக்கும் அறிவியலுக்கும் விட்டுச் சென்றார். அதில் எழுந்த அருங்காட்சியகம் 1784இல் திறக்கப்பட்டு, இன்றும் நிற்கிறது. நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் சமயம் ஒன்றே. நெதர்லாந்திலே விரட்டுவோர் இல்லை; ஆகவே ஒளிந்து வாழத் தேவையில்லை. ஒளிந்து வாழத் தேவையற்றவனுக்கு விளக்கு பகையாவதில்லை!

அமெரிக்காவிலே பென்சில்வேனியாவில் குடியேறிய மென்னோனைட்டுகளிடையே கிறிஸ்டோபர் டாக் என்றொரு பள்ளியாசிரியர் வாழ்ந்தார். 'அடியாத மாடு படியாது' என்று உலகமே நம்பிய 18ஆம் நூற்றாண்டிலே, அன்பால் கற்பிக்கலாம் என்று நடத்திக் காட்டியவர். ஸ்கிப்பாக், சால்போர்டு என்னும் இரு ஊர்ப் பள்ளிகளிலும் வாரத்துக்கு மும்மூன்று நாள் கற்பித்தார். ஓர் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை மற்றோர் ஊர்ப் பிள்ளைகளிடம் அவரே எடுத்துச் செல்வார். நன்றாகப் படித்த பிள்ளைக்குத் தம் கையால் பறவையும் பூவும் வரைந்து பரிசளிப்பார். பிள்ளை அகர வரிசையைக் கற்று முடித்தால், தந்தை ஒரு காசு தர வேண்டும், தாய் இரண்டு முட்டை பொரித்துத் தர வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. எழுத்தைக் கற்றது வீட்டுக்கே விழா என்று பிள்ளை உணரட்டும் என்பது நோக்கம். தம் முறையை 1750இல் நூலாக எழுதினார். தமக்குப் புகழ் சேர்ந்துவிடுமோ என்ற கூச்சத்தால் அது நெடுநாள் அச்சேறாமல் கிடந்து, 1770இல்தான் வெளிவந்தது. அமெரிக்க மண்ணிலே எழுதப்பட்ட முதல் ஆசிரியப் பயிற்சி நூல் என்று அதனைக் குறிப்பிடுவர். 1771இல் ஒரு மாலை வீடு திரும்பாத அவரைத் தேடிச் சென்றவர்கள், பள்ளி அறையிலே முழந்தாளிட்ட நிலையில் உயிர் பிரிந்திருக்கக் கண்டனர். மென்னோனைட்டுகள் கல்விப் பகைவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் துடிப்போர், டாக்கின் வாழ்வைப் படிக்க வேண்டும்.

இனி ரஷ்யாவுக்கு வருவோம். நிலமும், படைப்பணியிலிருந்து விலக்கும் தருவதாகப் பேரரசி இரண்டாம் காதரின் அழைத்ததால், பிரஷ்யாவின் விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து மென்னோனைட்டுகள் புறப்பட்டனர். இன்றைய உக்ரைன் நாட்டிலே 1789இல் கோர்த்திட்சா, 1804இல் மொலொச்னா எனக் குடியிருப்புகள் எழுந்தன. தனிச் சிற்றூர்கள், தனிப் பள்ளிகள். பள்ளி என்ற பெயர்தான் இருந்தது. கற்பிக்கத் தெரிந்தவர் ஆசிரியரல்லர்; வேறு வேலை கிட்டாதவரே பல ஊர்களில் ஆசிரியர். அவர் தம் கைத்தொழிலை ஒரு கையால் நடத்திக்கொண்டே, மறு கையில் பிரம்பு பிடித்திருப்பார்.

இதை மாற்ற முனைந்தவர் யோகான் கார்னீசு. பெருநிலக்கிழார்; கண்டிப்பானவர்; உழவிலே புதுமைகளைப் புகுத்தியவர். 1843இல் மொலொச்னாப் பள்ளிகள் அவர் தலைமையில் இருந்த உழவர் சங்கத்தின் மேற்பார்வைக்கு வந்தன. வெளிச்சமும் காற்றும் புகும் பள்ளிக் கட்டடம், கட்டாய வருகை, தகுதி அறிந்து ஆசிரியரை அமர்த்தல் என்று ஒழுங்குகள் வந்தன. சமய மூத்தோர் முணுமுணுத்தனர். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பாணியில் பேசினர். ஆனால், விதை முளைத்தது. அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உயர்நிலைப் பள்ளிகள், பெண்களுக்கான பள்ளிகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள், செவித்திறன் இல்லாப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி என, ரஷ்ய நாட்டுச் சிற்றூர்களிலே காணற்கரிய கல்வி அமைப்பு அவர்களிடையே உருவாயிற்று.

எனினும் முணுமுணுத்தவர்கள் மனம் மாறவில்லை. 1870களில் ரஷ்ய அரசு கட்டாயப் படைப்பணியைக் கொணர்ந்தது. பள்ளிகளிலே ரஷ்ய மொழியைத் திணிக்க முற்பட்டது. சுமார் 18,000 மென்னோனைட்டுகள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினர். அவர்களுள் பெரும்பாலோர் கன்சாசு, நெப்ராசுகா போன்ற அமெரிக்க மாநிலங்களுக்குச் சென்றனர். பழமையில் பிடிப்பு மிக்க ஏறத்தாழ 7,000 பேர் கனடாவின் மனித்தோபாவைத் தேர்ந்தனர். ஏன் கனடா? அங்கே எழுத்திலே ஓர் உறுதி கிடைத்தது.

அந்த உறுதியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1873 சூலைத் திங்களில், கனடா வேளாண்மைத் துறைச் செயலாளர் ஜான் லோ ஒரு கடிதம் தந்தார். சமயத்தைப் பின்பற்ற முழு உரிமை உண்டு. எவ்விதத் தொல்லையும் தடையும் இராது. அதே உரிமை பிள்ளைகளின் கல்விக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். வந்தவர்கள் அதை உயிர்ச்சீட்டாகப் போற்றினர். ஆனால், ஆகஸ்ட்டுத் திங்களில் அரசு முறைப்படி பிறப்பித்த ஆணையிலே ஒரு சிறு தொடர் நுழைந்திருந்தது: 'சட்டம் வகுத்துள்ளபடி'. இரண்டே சொற்கள்! கடிதம் தந்த வரம்பிலா உரிமை, ஆணையிலே சட்டத்துக்கு உட்பட்ட உரிமையாகச் சுருங்கிவிட்டது.

அதனினும் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கனடா அரசமைப்பின்படி கல்வி மாநிலங்களின் பொறுப்பு. நடுவண் அரசின் கையில் இல்லை. தன்னுடையதல்லாத தோட்டத்தைத் தானமாக எழுதித் தந்தவனைப் போல, ஒட்டாவா அரசு தன்னிடம் இல்லாத அதிகாரத்தை வாரி வழங்கியிருந்தது. சுமார் நாற்பதாண்டுக் காலம் எவரும் அதைக் கிளறவில்லை.

அந்த அமைதிக் காலத்திலே உள்ளிருந்தே ஒரு முயற்சி எழுந்தது. கன்சாசிலிருந்து 1891இல் வந்த எய்ன்ரிக் எவர்ட்டு என்னும் மென்னோனைட்டுக் கல்வியாளர், கிரெட்னா என்ற ஊரிலே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். பள்ளிகளின் மேற்பார்வையாளராகவும் ஊர் ஊராகச் சென்றார். ஜெர்மன் மொழியும் இருக்கட்டும், ஆங்கிலமும் வரட்டும், நம் சமயமும் தழைக்கட்டும், நல்ல ஆசிரியரும் கிடைக்கட்டும் என்று எடுத்துரைத்தார். சிலர் கேட்டனர், பழமை பேணுவோர் கதவடைத்தனர். அன்பாகத் தட்டியவனுக்குக் கதவு திறக்கவில்லை. பிறகு வந்தவன் தட்டவில்லை, உடைத்தான்!

முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் மொழி பகைவன் மொழியாயிற்று. படைக்குச் செல்லாத மென்னோனைட்டுகள் மீது அண்டை அயலாருக்குக் கசப்பு வளர்ந்தது. 1916இல் மனித்தோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. கட்டாய வருகைச் சட்டத்தையும் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு சஸ்காச்சுவான் மாநிலமும் அவ்வாறே செய்தது. மென்னோனைட்டுகள் 1873ஆம் ஆண்டுக் கடிதத்தைக் கையில் ஏந்தி நீதிமன்றம் ஏறினர். 1919இல் மனித்தோபா மேல்முறையீட்டு மன்றம் கை விரித்தது. 1920இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை ஏற்கவே மறுத்தது.

பின்னர் நடந்தவை நெஞ்சை நெருடுபவை. மென்னோனைட்டுச் சிற்றூர்களிலே அரசு புதுப் பள்ளிகளைக் கட்டியது. ஆசிரியர் வந்தார், கொடி ஏறியது, மணி அடித்தது, ஆனால், பல ஊர்களிலே பிள்ளைகள் வரவில்லை. வெற்றுப் பலகைகளின் முன்னே ஆசிரியர் நாளெல்லாம் அமர்ந்திருந்தார். பெற்றோர் மீது தண்டம் விதிக்கப்பட்டது, கட்டினர். மீண்டும் விதிக்கப்பட்டது, கடன் பட்டும் கட்டினர். சிலர் சிறை புகுந்தனர்.

அரசின் நோக்கம் தூயதா? நாம் அவ்வாறு கூறமாட்டோம். பிள்ளையின் அறிவு வளர வேண்டும் என்பதைக் காட்டிலும், பிள்ளையின் நாவிலே ஆங்கிலம் ஏற வேண்டும், ஆங்கிலேயப் பேரரசின்பால் பற்று ஏற வேண்டும் என்பதே அதன் வேட்கை. தாய்மொழியைப் பிடுங்கிக்கொண்டு தரப்படும் கல்வியைக் கல்வி என்று எவன் வரவேற்பான்? நல்ல மருந்தைக்கூடக் கழுத்தைப் பிடித்து ஊற்றினால் குமட்டத்தான் செய்யும். அரசு செய்த தவறு அது.

1922 மார்ச்சு முதல் நாள், மனித்தோபாவின் பிளம் கூலி என்ற ஊரிலிருந்து, குடும்பம் குடும்பமாக மென்னோனைட்டுகளை ஏற்றிக்கொண்டு தொடர்வண்டி ஒன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டது. மாடும் குதிரையும், ஏரும் வண்டியும் உடன் சென்றன. மெக்சிக்கோவின் குடியரசுத் தலைவர் ஒப்ரகோன், 1921 பிப்ரவரியிலே அவர்களுக்கு எழுத்து மூலம் வாக்களித்திருந்தார்: படைப்பணி இல்லை, உங்கள் பள்ளி, உங்கள் மொழி, உங்கள் ஆசிரியர். அடுத்த சில ஆண்டுகளில் ஆறாயிரம் பேருக்கு மேல் சிவாவா முதலிய மாநிலங்களிலே குடியேறினர். உழுது பண்படுத்திய வளமான மண்ணை, கட்டிய வீட்டை, புதைத்த பெற்றோரின் கல்லறையை விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். எதற்காக? பள்ளிக்கூடத்துக்காக! கல்வியை அவர்கள் சிறு பொருளாக எண்ணினர் என்று எவரும் கூற இயலாது. பள்ளியின் ஆற்றலை அவர்களைப் போல் உணர்ந்தவர் சிலரே, உணர்ந்ததால்தான் அஞ்சினர்.

அப்பாடுபட்டுக் காத்த பள்ளியிலே கற்பித்தது என்ன? நான்கே நூல்கள். முதலில் அரிச்சுவடி, பிறகு வினாவிடை வடிவில் சமயப் பாடம், பிறகு புதிய ஏற்பாடு, இறுதியில் முழு விவிலியம். சிறிது கணக்கு, சிறிது எழுத்து. ஆண்டில் ஆறு திங்கள் அளவே பள்ளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முற்றுப்புள்ளி. வரலாறு இல்லை, நிலவியல் இல்லை, அறிவியல் இல்லை, தாம் வாழும் நாட்டின் மொழியாகிய ஸ்பானியமும் இல்லை. வீட்டிலே பேசுவது கீழ் ஜெர்மன். ஏட்டிலே இருப்பது மேல் ஜெர்மன். பொருள் விளங்காமலே பிள்ளைகள் பக்கம் பக்கமாக ஒப்பித்தனர். 'எங்கே எழுதியிருக்கிறது?' என்று கேட்டு எழுந்த சமயத்தின் பிள்ளைகள், எழுதியிருப்பதன் பொருள் அறியாமல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தனர்!

அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வறண்ட மண்ணிலே சோளமும் அவரையும் விளைவித்தனர். அவர்கள் செய்யும் பாலாடைக்கட்டி மெக்சிக்கோ முழுதும் பெயர் பெற்றது. 'பிள்ளைக்கு உழவு தெரியும், தச்சு தெரியும், அண்டை வீட்டானுக்கு உதவத் தெரியும். உங்கள் கல்லூரி இதைக் கற்பிக்கிறதா?' என்று அவர்கள் கேட்டால், நாம் சற்றே தலை குனிய வேண்டியும் வரும். படித்த நாடுகள்தாம் இரண்டு உலகப் போர்களை நடத்தின என்பதும் அவர்கள் கையிலுள்ள வாதம். ஆனால், அந்த வாதம் கெட்ட கல்வியைக் கண்டிக்க உதவும். கல்லாமையை நியாயப்படுத்த உதவாது.

பராகுவே நாட்டுச் சாக்கோக் காட்டுப் பகுதி இதற்கு நல்லதோர் உரைகல். கனடாப் பள்ளிச் சட்டத்தை வெறுத்து வெளியேறிய மற்றொரு சாரார், 1927இல் அங்கே மென்னோ குடியிருப்பை அமைத்தனர். சோவியத்து நாட்டிலிருந்து தப்பி வந்த மென்னோனைட்டுகள் 1930இல் அதன் அருகிலேயே பெர்ன்கைம் குடியிருப்பை அமைத்தனர். இவர்கள் கார்னீசின் பள்ளி மரபிலே வளர்ந்தவர்கள். கையில் காசில்லை, குடிக்க நல்ல நீர் இல்லை, நோய் வாட்டியது. எனினும் 1931இலேயே உயர்நிலைப் பள்ளி தொடங்கிவிட்டனர். அவர்கள் சமயம் அழிந்ததா? இல்லை. மென்னோ குடியிருப்பினரும் பின்னாளிலே அண்டை வீட்டாரைப் பார்த்துத் தம் பள்ளிகளைத் திருத்திக்கொண்டனர். அவர்கள் சமயமும் அழிந்துவிடவில்லை. கல்வி வந்தால் கூட்டம் கரையும் என்ற அச்சத்துக்கு, அவர்கள் வரலாறே தந்த மறுப்பு இது.

திருந்தாத இடத்தில் விலை கொடுத்தவர் யார்? மெக்சிக்கோவிலும் மாறுதல் தலைகாட்டியபோது, பழமை பேணுவோர் 1960களில் பொலிவியாவுக்குச் சென்றனர். அங்குள்ள மனித்தோபா என்ற குடியிருப்பிலே, பெண்களும் சிறுமியரும் இரவிலே மயக்க மருந்து தெளிக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட செய்தி 2009இல் வெளிவந்தது. 2011இல் எழுவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பள்ளி இருந்திருந்தால் இக்கொடுமை நடந்திராது என்று நாம் கூறவில்லை. படித்தவர் ஊர்களிலும் கொடியோர் உளர். ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது கீழ் ஜெர்மன் மட்டுமே. நாட்டின் மொழி தெரியாது. காவலரிடம் முறையிட முடியாது. நீதிபதி முன்னே தம் துயரைத் தம் வாயாலேயே அவருக்குப் புரியும்படி சொல்ல இயலாது. இடையிலே ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டும். உலகம் உள்ளே வந்துவிடக் கூடாதென்று எழுப்பிய சுவர், உள்ளே கதறியவளின் குரலை வெளியே விடாத சுவருமாயிற்று.

பள்ளிக் கட்டாயத்தை எதிர்த்த வழக்கு ஒன்று அமெரிக்காவிலே வென்றதும் உண்டு. 1693இல் மென்னோனைட்டுகளிடமிருந்து பிரிந்த ஆமிஷ் பிரிவினர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றனர். விஸ்கான்சின் மாநிலத்திலே பெற்றோர் மூவருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அம்மூவருள் ஒருவர் ஆமிஷ் மென்னோனைட்டுச் சபையினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972 மே 15ஆம் நாள் பெற்றோர் பக்கம் தீர்ப்பாயிற்று. சமய உரிமையின் வெற்றி என்று போற்றினர். அந்த மன்றத்திலே நீதிபதி டக்ளசு மட்டும், ஒரு பகுதியிலே மாறுபட்டு ஒரு கேள்வி எழுப்பினார்: பெற்றோர் பேசினர், அரசு பேசியது, பிள்ளையைக் கேட்டீர்களா? அந்தப் பிள்ளை இசைஞனாக விரும்பலாம், விண்வெளி வீரனாக விரும்பலாம், கடலை ஆராய விரும்பலாம். அதன் வாழ்வு பற்றிய வழக்கிலே அதன் விருப்பம் அறியப்பட வேண்டாவா என்பது அவர் வினா. மூன்று பிள்ளைகளுள் ஒருத்தி மட்டுமே சாட்சி கூறியிருந்தாள்.

நானூறு ஆண்டுப் பூசலிலே காணாமற்போன பொருளை டக்ளசு கண்டெடுத்தார். சபை, 'பிள்ளை எனக்கு' என்றது. அரசு, 'பிள்ளை எனக்கு' என்றது. பிள்ளை பிள்ளைக்கு உரியது என்பதை இருவருமே மறந்தனர்.

மறவாதவர்களும் அதே சமயத்தில் இருந்தனர். கன்சாசில் குடியேறியோர் 1887இலேயே பெத்தேல் கல்லூரிக்கு வித்திட்டனர். இந்தியானாவிலே 1894இல் சிறு பயிலகமாகத் தொடங்கியது, 1903இல் கோஷன் கல்லூரியாயிற்று. பழமைக்கும் புதுமைக்கும் நடந்த பூசலால் 1923இல் ஓராண்டு மூடப்பட்டது, மீண்டும் திறந்தது, இன்றும் நடக்கிறது. அமெரிக்க மென்னோனைட்டுகள் 1899இல் நம் நாட்டின் தம்தரிப் பகுதிக்குப் பஞ்ச காலத்திலே வந்து, அநாதைப் பிள்ளைகளை வளர்த்துப் பள்ளியும் நடத்தினர். இவர்களும் வாளெடுக்கவில்லை, ஆணையிடவில்லை, கொள்கை குன்றவில்லை.

மென்னோனைட்டுகளின் முதற்கொள்கையையே அவர்கள் முன் வைத்து நாம் கேட்க விரும்புவது இதுதான்: அறியாக் குழந்தையைச் சமயத்தில் சேர்ப்பது பிழை, அறிந்து விரும்பியே சேர வேண்டும் என்றீர்கள். அதற்காக ஆற்றில் மூழ்கினீர்கள், நெருப்பில் வெந்தீர்கள். நன்று, அதைப் போல் உயர்ந்த கொள்கை உலகில் சிலவே. ஆனால், நான்கு நூல்களுக்கு மேல் ஒன்றையும் காணாத பிள்ளை, வேறு வழியொன்று உண்டென்றே அறியாத பிள்ளை, இருபது வயதிலே உம் சபையின் முன் வந்து 'விரும்பி ஏற்கிறேன்' என்று சொன்னால், அந்த விருப்பத்துக்குப் பொருள் என்ன? தொட்டிலிலே தெளித்த நீருக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

ஓடும் ஆற்றைக் கண்டு அஞ்சிப் பிள்ளையைக் கரையிலேயே கட்டி வைப்பவன் பாசமுள்ளவனாக இருக்கலாம். ஆனால், நீந்தக் கற்பிப்பவனே தந்தை. கையைப் பிடித்து, மெல்ல நீரில் இறக்கி, பிறகு விட்டுவிட வேண்டும். நீந்தத் தெரிந்த பிள்ளை அக்கரை சென்றும் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அந்தத் துணிவு பெற்றோருக்கு வேண்டும், சமயத்துக்கும் வேண்டும், அரசுக்கும் வேண்டும். கேள்வியில் பிறந்தவர்கள், தம் பிள்ளைகளின் கேள்விக்கு அஞ்சலாகாது.